பிற்பகலில் ஹேங் ஆகும் நாஸ் விஎம், எச்பிஏ கார்டு பாஸ்த்ரூ: மூன்று வாரமாகத் தீரவில்லை

பரண்சர்வர் (மே 6, இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக இதோடு போராடுகிறேன். தேடித் தேடி அலுத்துவிட்டது, அதனால் விவரம் முழுவதையும் எழுதிவிடுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மடிப்பாக்கத்தில், முதல் மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான். சர்வர் என்று நான் சொல்வது ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறை ஐ5, ஆறு கோர், 32 ஜிபி ரேம். ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் ஒரு எஸ்எஸ்டியில், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை மேல் இருக்கிறது. மூன்று விஎம் ஓடுகின்றன. முதலாவது ட்ரூநாஸ், வீட்டுக் கோப்புகளைச் சேமித்துப் பங்கிடும் நாஸ் அதுதான், அதற்கு 16 ஜிபி, பழைய சர்வரிலிருந்து கழற்றிய எட்டு போர்ட் எச்பிஏ கார்டு (டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு) ஒன்றை அப்படியே அதற்கு பாஸ்த்ரூ கொடுத்திருக்கிறேன், அதாவது அந்த விஎம்மே கார்டை நேரடியாகக் கையாளும், அந்தக் கார்டில் நான்கு 4 டிபி டிஸ்க். இரண்டாவது படம் பார்க்க ஜெல்லிஃபின், 8 ஜிபி, மதர்போர்டு கிராஃபிக்ஸ் அதற்கு பாஸ்த்ரூ. மூன்றாவது மனைவியின் கணக்கு வேலைக்கு ஒரு விண்டோஸ், 6 ஜிபி, அதில் பாஸ்த்ரூ எதுவும் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், ட்ரூநாஸ் விஎம் திடீரென்று உறைந்துபோகிறது. பங்கிட்ட ஃபோல்டர் திறக்காது, வெப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் பிங் மட்டும் அழகாகப் பதில் சொல்லும். விஎம்மை ரீசெட் செய்தால் பெரும்பாலும் கார்டே தெரியாது. மொத்த மெஷினையும் அணைத்து, ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் ஒழுங்காக வரும். சில நாள் காலையில் எழுந்து பார்த்தால் உறைந்திருக்காது, விஎம்மே அணைந்து கிடக்கும். இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடுகிறது, விஎம்மை நிறுத்தி எடுக்கும் முறை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

இதுவரை செய்தவை: ரேமை இரவு முழுக்க மெம்டெஸ்டில் விட்டேன், பிழை இல்லை. பயோஸ் புதுப்பித்தேன். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன். பவர் சப்ளை மாற்றினேன். எதற்கும் அசையவில்லை.

பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் இருந்தோம். தண்ணீர் வந்தபோது கம்ப்யூட்டர், ஆல்பம் எல்லாம் போனது. அப்பா பேசிப் பதிவு செய்த கேசட்டுகள் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தன. அப்பா இப்போது இல்லை. அந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றி இந்த நாஸில்தான் வைத்திருக்கிறேன். மாடிக்குக் குடி வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை, சர்வரைப் பரணில்தான் வைத்திருக்கிறேன்.

வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷிஃப்ட்முடிந்தது (மே 6, இரவு 11.55)

முதலில் ஒரு வேலை. கார்டு, கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எதையும் தொடுவதற்கு முன்னால் அப்பாவின் பதிவுகளை ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் காப்பி எடுங்கள், எடுத்த டிஸ்க்கைச் சர்வர் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். பேக்கப் என்று நீங்கள் சொல்வது விஎம்மின் பூட் டிஸ்க்கை மட்டும்தான் எடுக்கும். பாஸ்த்ரூ கார்டில் தொங்கும் நான்கு டிஸ்க்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் கண்ணுக்கே தெரியாது, அதனால் அவை அந்த பேக்கப்பில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். அம்பத்தூர் பக்கம் டேட்டா சென்டரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன், இந்த மாதிரி கேஸ் வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, உறைந்தது யார்? கெஸ்ட்டா (உள்ளே ஓடும் விஎம்), ஹோஸ்ட்டா (அதை ஓட்டும் மெஷின்), கார்டா? மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த முறை நடக்கும்போது உடனே ரீசெட்டில் கை வைக்காதீர்கள், ஐந்து நிமிஷம் பாருங்கள். ஹோஸ்ட்டுக்குள் போக முடிகிறதா? முடிந்தால் டாப் கமாண்ட் போட்டு, அந்த விஎம்மை ஓட்டும் கேவிஎம் ப்ராசஸ் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று பாருங்கள். எல்லாக் கோரையும் நூறு சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தால் கெஸ்ட் உள்ளே எங்கோ சுழல்கிறது. கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் கெஸ்ட் எதற்கோ காத்திருக்கிறது, பெரும்பாலும் டிஸ்க்குக்கு.

பிங் மட்டும் வருகிறது என்றீர்களே, அதுவே நல்ல தடயம். பிங்குக்குப் பதில் சொல்வது கர்னல், அதற்கு டிஸ்க் வேண்டாம். கர்னல் உயிரோடு இருக்கிறது, டிஸ்க்கைத் தொடும் ப்ராசஸ்கள்தான் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

உறைந்த பிறகு லாக் டிஸ்க்கில் எழுதப்படாமல் போகலாம். அதனால் இன்றைக்கே உங்கள் லேப்டாப்பிலிருந்து இரண்டு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கமாண்ட் அடிக்கும் இணைப்பு) ஜன்னல் திறந்து, ஒன்றில் ஹோஸ்ட்டின் கர்னல் செய்திகள், இன்னொன்றில் ட்ரூநாஸின் கர்னல் செய்திகள் ஓடிக்கொண்டே இருக்கும்படி விடுங்கள், டிமெசேஜ் கமாண்டை (dmesg) டபிள்யூ ஆப்ஷனோடு போட்டால் அப்படி ஓடும். லேப்டாப் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரி உங்கள் திரையில் நிற்கும்.

கூடவே இதுவரை எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஆனது என்று நினைவிருக்கும் வரை எழுதுங்கள்.

ஒருகைபார்ப்போம் (மே 7, காலை 8.15)

ப்ரோ, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். கர்னல் பூட் வரியில் ஐஓஎம்எம்யூ பிடி சேருங்கள், பிசிஐஇ ஏஎஸ்பிஎம்மை ஆஃப் செய்யுங்கள், பயோஸில் சிபியுவின் தூக்க நிலையான சி ஸ்டேட் எல்லாவற்றையும் மூடுங்கள், பாஸ்த்ரூ டிரைவரான விஎஃப்ஐஓவில் டி3 தூக்கத்தை நிறுத்துங்கள், ஏசிஎஸ் ஓவர்ரைடும் போட்டுவிடுங்கள். நான் எல்லா மெஷினிலும் இதைத்தான் போடுவேன். ஒரு ரீபூட், வேலை முடிந்தது.

ஷிஃப்ட்முடிந்தது (மே 7, காலை 9.30)

நண்பரே, நீங்கள் சொன்னவற்றில் இரண்டு நிஜமாகவே உதவக்கூடியவை. பிசிஐஇ இணைப்பு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க அரைத்தூக்கம் போகும், சில கார்டுகள் அதிலிருந்து எழுந்திருக்கத் தடுமாறும், ஏஎஸ்பிஎம்மை நிறுத்தினால் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். டி3 விஷயமும் அப்படித்தான். ஆனால் ஐந்தையும் ஒரே ரீபூட்டில் போட்டால் எது தீர்த்தது என்று தெரியாது. நான்கு நாள் ஓடிவிட்டு மறுபடி நின்றால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவார்.

ஏசிஎஸ் ஓவர்ரைடுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஐஓஎம்எம்யூ குரூப் என்பது, எந்தெந்தக் கருவிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகப் பேசிக்கொள்ள முடியும், எவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று ஹார்டுவேர் சொல்லும் உண்மை. அந்த பேட்ச் ஹார்டுவேரை மாற்றாது, எல்லாம் தனித்தனியாக இருப்பதாகக் கர்னலை நம்ப வைக்கும், அவ்வளவுதான். குரூப் பிரியாமல் தவிப்பவர்களுக்கு அது ஒரு சமாதானம். இவருடைய கார்டு ஏற்கனவே பாஸ்த்ரூ ஆகி ஓடுகிறது, குரூப்பில் பிரச்சினையே இல்லை. அப்பாவின் குரல் இருக்கும் டிஸ்க்குக்கு மேல் அதைப் போட எந்தக் காரணமும் இல்லை.

பரண்சர்வர், இன்னொன்றும் பாருங்கள். ஹோஸ்ட் பூட் ஆகும்போதே அந்தக் கார்டை விஎஃப்ஐஓ பிடித்துக்கொள்கிறதா? எல்எஸ்பிசிஐ கமாண்டை (lspci) கே ஆப்ஷனோடு போட்டால் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று காட்டும். விஎம் அணைந்திருக்கும் நேரத்தில் ஹோஸ்ட்டின் சொந்த டிரைவர் கார்டைப் பிடித்து, ஹோஸ்ட்டின் இசட்எஃப்எஸ் அந்தப் பூலை (நான்கு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பை) இம்போர்ட் செய்து, அப்புறம் விஎம்மும் கிளம்பி அதே பூலைத் திறந்தால், ஒரே டிஸ்க்கில் இரண்டு பேர் எழுதுவார்கள். அதிலிருந்து மீள்வது மிகவும் கஷ்டம்.

தாம்பரம்லினக்ஸ் (மே 7, பிற்பகல் 1.20)

தம்பி, உங்கள் பதிவில் கணக்கு ஒன்று உதைக்கிறது. 16, 8, 6. கூட்டினால் 30. இருப்பது 32.

பாஸ்த்ரூ இல்லாத விஎம்முக்கு 8 ஜிபி என்று எழுதினால் அது ஒரு வரம்புதான், தொட்ட பக்கத்துக்கு மட்டும் நிஜ ரேம் போகும், பலூன் டிரைவர் வழியாகக் கொஞ்சம் திருப்பியும் வாங்கலாம். பாஸ்த்ரூ வந்ததும் கதை மாறிவிடும். கார்டு டிஎம்ஏ வழியாக கெஸ்ட்டின் நினைவகத்தில் நேராக எழுதும், எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் எழுதும் என்று ஹோஸ்ட்டுக்குத் தெரியாது. அதனால் விஎம் கிளம்பும்போதே அதன் மொத்த ரேமையும் ஹோஸ்ட் ஆணியடித்து வைத்துவிடும். டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்புக்குப் போகாது, பலூனுக்கும் அசையாது. உங்கள் 16ம் 8ம் சேர்ந்து 24 ஜிபி அப்படி ஆணியடிக்கப்பட்டது.

மிச்சம் 8ல் விண்டோஸ், ப்ராக்ஸ்மாக்ஸ், அதற்கு மேல் ஹோஸ்ட்டின் இசட்எஃப்எஸ் கேஷ், அதாவது ஏஆர்சி. லினக்ஸில் ஏஆர்சி நீண்ட காலம் மொத்த ரேமில் பாதி வரை போகலாம் என்ற அளவிலேயே இருந்தது. நெருக்கடி வந்தால் அது விட்டுக்கொடுக்கும்தான், ஆனால் திடீர் நெருக்கடியில் அது சுருங்குவதற்குள் ஓஓஎம் கில்லர், அதாவது ரேம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதி, முந்திக்கொள்ளும். இப்போது இரவு 2 மணியை நினைத்துப் பாருங்கள். பேக்கப்புக்காக நாஸ் விஎம் நிற்கிறது, 16 ஜிபி விடுபடுகிறது. பேக்கப்புக்காக விஎம் டிஸ்க்குகளைப் படிக்கப் படிக்க ஏஆர்சி வளர்கிறது. மறுபடி கிளம்பும் விஎம் 16 ஜிபியையும் ஒரே மூச்சில் கேட்கிறது. காலையில் விஎம் அணைந்து கிடப்பதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தோன்றவில்லை. முந்தைய நாள் லாகில் "அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ்" என்று கேவிஎம் பெயரோடு ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

பிற்பகலில் உறைவது வேறு நோய் என்று நினைக்கிறேன். அதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இன்டரப்ட், அதாவது கருவி சிபியுவைக் கூப்பிடும் சமிக்ஞை. நான் ஒரு யூஎஸ்பி கார்டை பாஸ்த்ரூ செய்து இரண்டு மாதம் தவித்திருக்கிறேன், கடைசியில் ஹோஸ்ட் லாகில் "ஐஆர்க்யூ 16, நோபடி கேர்ட்" என்று ஒரு வரி கிடைத்தது. பழைய முறை லைன் இன்டரப்ட்டில் இரண்டு மூன்று கருவிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு லட்சம் இன்டரப்ட்டில் 99,900க்கு மேல் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால் கர்னல் அந்த லைனையே மூடிவிடும், அப்புறம் அதில் தொங்கிய எல்லாக் கருவியும் கண் திறந்தபடி உறைந்திருக்கும். எனக்கு ஸ்லாட் மாற்றி, கம்பி பகிராத புதுமுறை இன்டரப்ட்டான எம்எஸ்ஐ வேலை செய்கிறதா என்று உறுதி செய்ததும் தீர்ந்தது. எல்எஸ்பிசிஐயில் இரண்டு வி போட்டால் எம்எஸ்ஐ பக்கத்தில் எனேபிள் பிளஸ் என்று இருக்க வேண்டும், மைனஸ் இருந்தால் எழுதுங்கள்.

இன்வெர்ட்டர்வீடு (மே 7, மாலை 6.05)

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரமா என்று பார்த்தீர்களா? எங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்ச் நார்மலில் இருந்தது, யூபிஎஸ் பக்கம் தள்ளிய பிறகுதான் கம்ப்யூட்டர் நிம்மதியாக ஓடுகிறது. சாதாரண பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லிவினாடிதான், 50 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றே 20 மில்லிவினாடி. அதற்குமேல் தாமதித்தால் அவ்வளவுதான். ஆனால் எனக்கு ரீஸ்டார்ட் ஆகும், உங்களுக்கு உறைகிறது. மெஷின் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காட்டும் அப்டைமைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பரண்சர்வர் (மே 10, இரவு 9.10)

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளில் நிறையக் கிடைத்தது.

காப்பி எடுத்துவிட்டேன். பதிவுகள் மொத்தம் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில், அது இப்போது நங்கநல்லூரில் அக்கா வீட்டில் இருக்கிறது.

தாம்பரம்லினக்ஸ் அக்கா சொன்னது அப்படியே இருந்தது. இரவு 2.14க்கு ஓஓஎம் வரி, கேவிஎம் பெயரோடு, மூன்று வெவ்வேறு நாளில். ஏஆர்சி உச்சவரம்பை 4 ஜிபியாக வைத்துவிட்டேன், பைட்டில் எழுத வேண்டியிருந்தது, 4294967296. ரூட்டே இசட்எஃப்எஸ் என்பதால் பூட்டில் முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்தேன். நாஸை 12 ஜிபிக்கும் ஜெல்லிஃபினை 6க்கும் இறக்கினேன். விண்டோஸை 4க்கு இறக்கினேன், மனைவி வித்தியாசம் தெரியவில்லை என்கிறார். எம்எஸ்ஐ பிளஸ்தான். ஐஆர்க்யூ வரி எதுவும் இல்லை. பூட்டிலேயே விஎஃப்ஐஓதான் கார்டைப் பிடிக்கிறது. அப்டைம் அறுபடவில்லை, ஆகவே கரண்டும் இல்லை.

இரவுப் பிரச்சினை போயிற்று என்று நம்புகிறேன். ஆனால் நேற்று மாலை மறுபடி உறைந்தது, இந்த முறை நான் பக்கத்திலேயே இருந்தேன். ஹோஸ்ட் நன்றாக இருந்தது, கேவிஎம் சிபியு இரண்டு சதவீதம்கூட இல்லை. ட்ரூநாஸ் ஜன்னலில் எம்பிடி3சாஸ் என்று ஆரம்பித்து "சாஸ் ஹோஸ்ட் ஈஸ் நான் ஆபரேஷனல்" என்று வரிசையாக வந்தது, இரண்டு நிமிஷம் கழித்து இன்னின்ன டாஸ்க் 120 வினாடிக்கு மேல் பிளாக் ஆகியிருக்கிறது என்று மூன்று நான்கு வரி. பூலின் நிலையைக் காட்டும் இசட்பூல் ஸ்டேட்டஸ் கமாண்ட் அடித்தேன், அது அப்படியே நின்றது, கன்ட்ரோல் சிக்கும் அசையவில்லை.

நேரம் கேட்டீர்கள். மெசேஜ்களைப் பார்த்துச் சேர்த்தேன். ஏப்ரல் 18 மாலை 4.20, 21 மாலை 3.50, 27 மாலை 5.05, மே 2 மாலை 4.40, நேற்று மாலை 4.10. ஞாயிறு, வேலைநாள் என்ற வித்தியாசம் இல்லை, அந்த நேரத்தில் படம் பார்த்தவர்களும் யாரும் இல்லை.

ஷிஃப்ட்முடிந்தது (மே 10, இரவு 11.30)

அந்த ஒரு வரி போதும். எம்பிடி3சாஸ் என்பது உங்கள் கார்டுக்கான டிரைவர். கார்டில் இருக்கும் சிப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது என்று அது புகார் செய்கிறது. கெஸ்ட் நல்லபடியாக இருக்கிறது, ஹோஸ்ட்டும் அப்படியே, போனது கார்டு.

மற்றதெல்லாம் அதன் விளைவு. இசட்எஃப்எஸ் பூலுக்கு ஃபெயில்மோட் என்று ஒரு அமைப்பு உண்டு, வழக்கமாக அது வெயிட். டிஸ்க்குகள் மொத்தமாகக் காணாமல் போனால் தரவைக் கைவிடாமல், அவை திரும்பி வரும் வரை எழுத்து வாசிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக் காத்திருக்கும். நீங்கள் அடித்த கமாண்டும் அந்த வரிசையில் போய் நின்றது, கர்னலுக்குள் அப்படிக் காத்திருக்கும் ப்ராசஸ் கன்ட்ரோல் சிக்கும் கில்லுக்கும் செவிசாய்க்காது. பூட் டிஸ்க் வேறாக இருந்தும் வெப் பக்கம் ஏன் நின்றது என்று கேட்பீர்கள். ட்ரூநாஸ் தன் லாக் முதலியவை இருக்கும் சிஸ்டம் டேட்டாசெட்டை நீங்கள் உருவாக்கும் முதல் பூலுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். பூல் நின்றால் அதுவும் நிற்கும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். ஐந்தும் பிற்பகல் மூன்றரைக்கும் ஐந்தேகாலுக்கும் நடுவில். சர்வர் பரணில். பரணுக்கு மேலே காங்கிரீட் தளம், அதற்கு மேலே மொட்டைமாடி, மே மாத வெயில். தளம் உச்சிவேளையில் வாங்கும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே இறக்கும், அதனால் பரணில் அதிகச் சூடு பன்னிரண்டு மணிக்கு இருக்காது, சாயங்காலம்தான் இருக்கும். நகரில் கடற்காற்று சீக்கிரம் நுழைந்த நாட்களில் உங்கள் சர்வர் தப்பித்திருக்கும், மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமான நாட்களில் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். நேற்று மடிப்பாக்கத்தில் காற்று எப்போது திரும்பியது?

இந்த எச்பிஏ கார்டுகள் சர்வர் பெட்டிக்காகச் செய்தவை. அங்கே முன்பக்கம் வரிசையாக ஃபேன், கார்டின் மேல் எப்போதும் காற்று வீசும், அதை நம்பித்தான் ஃபேன் இல்லாத சின்ன ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகள்) மட்டும் வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப் பெட்டியில் அந்த மூலையில் காற்றே அசையாது. நீங்கள் ஒரு மணி நேரம் அணைத்து வைத்தால் சரியாவது ரீபூட்டால் அல்ல, ஆறுவதால்.

பயோஸ், கர்னல் எதையும் தொடாதீர்கள். கார்டைக் கழற்றி ஹீட்சிங்கைப் பாருங்கள். அடியில் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டுக்கு எத்தனை வயது என்று யாருக்குத் தெரியும்.

பரண்சர்வர் (மே 11, காலை 7.00)

நேற்று முன்தினம் காற்றே இல்லை அண்ணா. ஆறு மணிக்கு மேல்தான் திரும்பியது, நாங்கள் எல்லோரும் மொட்டைமாடியில்தான் உட்கார்ந்திருந்தோம். இன்று கழற்றுகிறேன்.

தாம்பரம்லினக்ஸ் (மே 11, காலை 7.40)

கழற்றும் முன் சூடு எவ்வளவு என்று ஒருமுறை அளந்துவிடுங்கள் தம்பி, இல்லாவிட்டால் மாற்றிய பிறகு எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. மீன் தொட்டிக்கு விற்கும் ஒயர் வைத்த தெர்மாமீட்டர் போதும்.

பரண்சர்வர் (மே 21, இரவு 10.15)

பத்து நாள் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

தாம்பரம்லினக்ஸ் அக்கா சொன்னபடி முதலில் அளந்தேன். சாயங்காலம் நான்கு மணி, பரணில் காற்று 43 டிகிரி, ஹீட்சிங்கின் துடுப்புகளுக்கு நடுவில் செருகிய முனை 86 காட்டியது. துடுப்பே 86 என்றால் உள்ளே சிப் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே ஒரு மாதிரி இருந்தது. டிஸ்க்குகளும் 54, 55ல் இருந்தன, இத்தனை நாள் அதைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் கார்டைக் கழற்றி டைனிங் டேபிளில் வைத்தேன். ஹீட்சிங்கை இரண்டு பிளாஸ்டிக் ஊசிகள் ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கின்றன, பின்பக்கம் அதன் காதுகளைக் குறட்டால் மெல்ல அமுக்கினால் வெளியே வரும். ஒரு ஊசி வந்தது, இன்னொன்று தொட்டதும் பொடிப்பொடியாக உடைந்தது, அவ்வளவு காலம் வெந்திருக்கிறது. ஹீட்சிங்கைத் தூக்கினேன், ஒட்டியே இல்லை, தானாக வந்துவிட்டது. அடியில் பேஸ்ட் என்று எதுவும் இல்லை, வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. சிப்பின் ஒரு மூலையில் அதுகூட இல்லை, வெறும் இடைவெளி. மூன்று வாரமாக நான் கர்னல் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன், இது இங்கே உட்கார்ந்திருந்தது.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்து, புதிய பேஸ்ட் போட்டேன். உடைந்த ஊசிக்குப் பதில் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் டப்பாவில் தேடி நைலான் ஸ்குருவும் ஸ்பிரிங்கும் எடுத்துக் கொடுத்தார். இரும்பு ஸ்குரு போடாதீர்கள், போர்டில் பட்டால் ஷார்ட் ஆகும் என்று அவரே எச்சரித்தார். கூடவே 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று வாங்கி, கேபிள் டை வைத்து ஸ்லாட் கம்பியில் கட்டி, நேராகக் கார்டைப் பார்த்து ஊதும்படி வைத்தேன். ஒருகைபார்ப்போம் சொன்ன ஏஎஸ்பிஎம்மையும் தனியாக ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன், எனக்கு அதனால் வித்தியாசம் இல்லை.

சர்வரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். இதற்கு மனதைத் தேற்றிக்கொள்ள இரண்டு நாள் ஆனது. இப்போது ஹாலில், தொலைக்காட்சி அலமாரியின் மேல்தட்டில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. முதல் மாடி, இடுப்பு உயரம், அதற்கு மேல் தண்ணீர் வந்தால் சர்வரைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை என்றார் மனைவி. அது சரிதான்.

இதே தெர்மாமீட்டர், அதே நான்கு மணி, கத்திரி வெயில்: துடுப்பில் 52. டிஸ்க் 43. பத்து நாளில் ஒரு தடவைகூட உறையவில்லை, இரவு பேக்கப்பும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. நேற்று பூலை முழுக்க ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) விட்டேன், ஒன்பது மணி நேரம் ஓடியது, பிழை பூஜ்யம், திருத்தியது பூஜ்யம்.

முடிந்ததும் அப்பாவின் மூன்றாவது கேசட்டைப் போட்டேன். 1991ல் தம்பி பிறந்த அன்று பேசியது, நடுவில் பால்காரர் மணியடிப்பார், அப்பா பேச்சை நிறுத்திவிட்டு "அரை லிட்டர் கூடப் போடுப்பா" என்பார். அந்த இடம் வரை கேட்டேன், தெளிவாக இருந்தது.

ஒரு சின்னக் கேள்வி மட்டும் பாக்கி. ஹாலில் வைத்ததால் சாலைத் தூசி வருகிறது, பத்து நாளிலேயே ஃபேன் இறக்கையில் படிந்துவிட்டது. முன்பக்கம் கொசுவலைத் துணியைக் கட்டினால் காற்று குறைந்துவிடுமா?

ஷிஃப்ட்முடிந்தது (மே 22, காலை 6.20)

கொசுவலையைக் கட்டலாம், கொஞ்சம்தான் குறையும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி அலசிக் காயவைத்து மாட்டுங்கள். கட்டிய அன்று நான்கு மணிக்கு அந்தத் தெர்மாமீட்டரை இன்னொரு தடவை பாருங்கள், 60க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கேசட் பத்திரமாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம்.